ஏழுக்கு இரண்டு பெயர்

போன மாதம் உங்களில் ஒரு பெண் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஜப்பான்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி, ஜப்பான் பாஷையில நாலுக்கு ரெண்டு பேரு, ஏழுக்கு ரெண்டு பேரு, ஒம்பதுக்கு ரெண்டு பேரு. எந்த எடத்துல எதைச் சொல்றதுன்னு ஒரே கொழப்பமா இருக்கு. அந்தக் காலத்துல நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

சமாளிக்கவில்லை என்பதுதான் உண்மையான பதில். வந்த பெண்ணை முதல் நாளே பயமுறுத்த வேண்டாமென்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போனபிறகு மனசு கேட்கவில்லை. நீங்கள் எல்லாரும் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி இந்த வேலைக்கு வந்தவர்கள். நான் வந்த வழி வேறு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது மலாயாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில். எனக்கு ஒன்பது வயதாகும்போது ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷை எடுத்துவிட்டு ஜப்பான் மொழியை வைத்தார்கள். இரண்டு வருஷம் படித்தேன். படித்தேன் என்று சொல்வதுகூட அதிகம். தினமும் காலையில் வெயிலில் வரிசையாக நிறுத்தி உடற்பயிற்சி செய்யவைப்பார்கள், வரிசைப்படி எண் சொல்லவைப்பார்கள். இச்சி, நி, சான், ஷி, கோ, ரொக்கு, ஷிச்சி, ஹாச்சி, கூ, ஜூ. நான் வரிசையில் நாலாவது. ஆகவே இரண்டு வருஷமும் என் பங்கு "ஷி!" என்று கத்துவது. எண்களைத் தவிர எனக்குத் தெரிந்ததெல்லாம் டிரில் மாஸ்டர் சொல்லும் கட்டளைகள்தான். நில், குனி, திரும்பு, ஓடு.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்து அம்மாவும் நானும் கப்பலேறிச் சொந்தக்காரர்கள் இருந்த கிருஷ்ணகிரிக்கு வந்தோம். நான் டைப்பிங் படித்தேன். அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு கருங்கல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்தேன். "தெரிந்த மொழிகள்" என்ற இடத்தில் தமிழ், இங்கிலீஷ் என்று போட்டதும் கட்டம் பாதிக்கு மேல் காலியாகத் தெரிந்தது. மலாய் என்று சேர்த்தேன். அதற்குப் பிறகும் இடமிருந்தது. ஜப்பான் மொழி என்று அடித்துவிட்டேன். ஓசூரில் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

ஒரு வருஷம் யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு காலையில் மேனேஜர் என் விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா ஸ்டெல்லா, இத்தனை நாளா சொல்லவே இல்லையே! நம்ம கல்லை ஜப்பான்காரங்க வாங்கப்போறாங்க. வெட்டி எடுக்கிறதைப் பாக்கறதுக்கு ஒரு நிபுணரை அனுப்பறாங்க. பெங்களூர்ல ஆள் தேடலாம்னு இருந்தேன். ஆளு வீட்டுக்குள்ளயே இருக்கு!"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம். அதைவிட, அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அப்போது கெடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

நிபுணர் வந்தார். பெயர் ஒகுனோ. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். இரண்டு கையிலும் பெட்டியோடு காரைவிட்டு இறங்கினார். வாசலில் நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்றோம். மேனேஜர் என் முழங்கையை இடித்து, "பேசும்மா, பேசு" என்றார்.

ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த வரவேற்பு வாக்கியம் அந்த நொடியில் காணாமல் போனது. வாயைத் திறந்தேன். வந்தது டிரில் மாஸ்டரின் குரல்.

"கியோத்ஸ்கே!"

நேராக நில் என்று அர்த்தம். ஒகுனோ இரண்டு பெட்டியையும் தொப்பென்று கீழே போட்டுவிட்டு விறைப்பாக நின்றார். ஆரம்பித்ததை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் அடுத்ததையும் சொன்னேன். "ரேய்!" அப்படியென்றால் வணங்கு. அவர் இடுப்பு வரை குனிந்தார். நானும் குனிந்தேன். மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருய்யா, ரெண்டே வார்த்தை. ஆளை எப்படி மடக்கிட்டாங்க!" என்று கணக்கரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நிமிர்ந்தபோது ஒகுனோவின் கண்ணில் சிரிப்பு இருந்தது. நல்ல மனிதர், கீழே கிடந்த பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டார்.

குவாரி ஜவளகிரிப் பக்கம், காட்டை ஒட்டி ஒரு மொட்டைப் பாறை. தளி வழியாகத் தினமும் ஜீப்பில் போவோம். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். எங்கள் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி ஜப்பான், மீதி பென்சில். கல்லைப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, தலையாட்டிப் புரிந்துகொள்வோம். குவாரியில் வேலை செய்தவர்கள் என்னை டைப்பம்மா என்றார்கள். அவரை நான் ஒகுனோ-சான் என்று கூப்பிடுவேன். சான் என்றால் மரியாதைக்குச் சேர்ப்பது, நம் ஊரில் ஐயா என்பதுபோல. மூன்று என்ற எண்ணுக்கும் சான்தான். இரண்டையும் கேட்டுக் கேட்டு, வெடி வைக்கும் மேஸ்திரி முனியப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கடைசிவரை அவர் ஒகுனோவை "மூணய்யா" என்றுதான் கூப்பிட்டார்.

முதல் வாரத்திலேயே ஒகுனோ என் எண்ணிக்கையைத் திருத்தினார். வெட்டிய கற்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனேன். இச்சி, நி, சான், ஷி. "ஷி" என்றதும் அவர் பல் கூசியதுபோல முகத்தைச் சுளித்தார். "யோன்" என்றார். நான் திரும்ப "ஷி" என்றேன். அவர் திரும்ப "யோன்" என்றார். யோன் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரியாத புது எண் ஏதோ ஜப்பானில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

பென்சிலை எடுத்தார். நாலு என்று எழுதினார். பக்கத்தில் ஒரு கல்லறையை வரைந்தார். ஷி என்றால் நாலு. ஷி என்றால் சாவு. ஒரே சத்தம். அதனால் தன் தொழிலில் யாரும் நாலை ஷி என்று சொல்லமாட்டார்கள், யோன் என்றுதான் சொல்வார்கள் என்றார். ஒன்பதும் அப்படியே. கூ என்றால் துன்பம் என்றும் அர்த்தம், ஆகவே க்யூ என்று சொல்ல வேண்டும். இந்தக் கல்லெல்லாம் அவர்கள் ஊரில் கல்லறைக்குத்தான் போகிறது, அதைத் தொட்டு இப்படி எண்ணலாமா என்றார்.

"அப்படியானால் ஒன்பது மணிக்கு நீங்களே கூ என்றுதானே சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அது கடிகாரம்" என்றார். உங்களுக்கு விதி வேண்டுமென்றால் அவ்வளவுதான் விதி.

பிறகு எங்கே படித்தாய் என்று கேட்டார். மலாயா என்றேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்துவிட்டது. வீட்டில் யார் யார் என்று கேட்டார். அம்மா மட்டும், அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே தோன்றியது. அப்பா போன அந்த வருஷம் முழுக்க, தினம் காலையில் நான் வெயிலில் நின்று சாவு, சாவு என்று கத்தியிருக்கிறேன். அர்த்தம் தெரியாமல். ஒகுனோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அன்று அதற்குமேல் வேலை நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஷி சொன்னதில்லை. அவரும் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல் பிளக்க வெடி எப்படி வைப்பார்கள் என்று ஒரு வரி தெரிந்தால் போதும். பாறையில் வரிசையாகக் குழி போட்டு, மருந்து அடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரி வைப்பார்கள். திரி ஒன்றைவிட ஒன்று நீளமாக இருக்கும், ஒவ்வொன்றாக வெடிக்கட்டும் என்று. எல்லாரும் தூரத்தில் பதுங்கிக்கொண்டு வெடிச்சத்தத்தை எண்ண வேண்டும். போட்ட குழி எத்தனையோ அத்தனை சத்தம் கேட்டால்தான் வெளியே வரலாம். ஒன்று குறைந்தாலும் யாரும் அசையக்கூடாது. எங்கள் குவாரியில் தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் என்று அவரவர் பாஷையில் எண்ணுவார்கள். மொத்தம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக வரும்.

அன்று காலையில் நாலு குழி என்று முடிவாகியிருந்தது. மேனேஜரும் பார்க்க வந்திருந்தார். ஒரு மணி அடித்தால் சாப்பிட்டாக வேண்டிய மனிதர். தன் டிபன் கேரியரைப் பாறை அடியில், நிழலாக ஒரு இடம் பார்த்து வைத்துவிட்டு எங்களோடு கீழே வந்து, வெட்டிவைத்த கற்களுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். ஒகுனோவும் முனியப்பாவும் மேலே. திரியைப் பற்றவைத்துவிட்டு அவர்கள் மேல்பக்கம் இருந்த ஒரு குண்டுக்கல்லுக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

மேலேயிருந்து ஒகுனோ ஏதோ கத்தினார். காற்று அந்தப்பக்கம் அடித்தது. "ஷி..." என்று மட்டும் காதில் விழுந்தது, பிறகு ஒரு இழுவை.

"என்னாம்மா சொல்றாரு?" என்றார் மேனேஜர்.

"நாலுங்க."

"அதான் காலையிலயே பேசினமே. நாலு. எல்லாரும் கேட்டுக்கங்கப்பா, நாலு!"

ஒருமுறை திருப்பிக் கேட்டிருக்கலாம். "ஒகுனோ-சான், இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கத்த எத்தனை நேரம் ஆகும்? நாலு என்று எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன், அதனால் நாலு என்று கேட்டது. நம் தொழிலில் காது செய்யும் பெரிய துரோகம் இதுதான். கேட்காததை விட்டுவிடாது, தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொடுத்துவிடும்.

வேட்டு, வேட்டு என்று முனியப்பா கூவினார். முதல் வெடி. இரண்டு. மூன்று. கொஞ்சம் விட்டு நாலு. கல்தூள் பறந்து அடங்கியது. ஒருத்தர் "நாலு" என்றார், ஒருத்தர் "நால்கு" என்றார். அமைதி.

மேனேஜர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ஆச்சு. வாங்கப்பா, சாப்பாட்டுக்கு நேரமாச்சு" என்று டிபன் கேரியரை நோக்கி நடந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

நானும் எழுந்தேன். புடவையில் தூசி. தட்டிக்கொண்டே, அவர் கத்தியதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். ஷி. ஷி என்றாரே. கை அப்படியே நின்றுவிட்டது.

ஒகுனோ ஷி சொல்லமாட்டார். நாலாக இருந்திருந்தால் யோன் என்றிருப்பார். என் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிப் போட்ட மனிதர், வெடி மருந்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கல்லறைக் கல்லுக்கு மேலே நின்றுகொண்டு, சத்தமாக ஷி என்று கத்துவாரா? அப்படியானால் நான் கேட்டது முழுச்சொல் இல்லை. ஷி என்று ஆரம்பிக்கிற எண் இன்னொன்று இருக்கிறது. ஷிச்சி. ஏழு.

மூன்று வெடி இன்னும் பாக்கி.

அந்த நேரத்தில் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? எதிரில் இருப்பவர்களுக்குப் புரியும் பாஷையில் "நில்லுங்கள், ஓடி வாங்கள்" என்று கத்துவார். எனக்குத் தமிழ் தெரியும், இங்கிலீஷ் தெரியும், அரைகுறையாகத் தெலுங்கும் தெரியும். ஆபத்து என்றதும் வாய் போனது பத்து வயதுக்கு. விமானம் வரும்போது டிரில் மாஸ்டர் போடும் கட்டளை ஒன்று உண்டு.

"ஃபுசே!"

குப்புறப் படு என்று அர்த்தம். கத்தியதோடு நிற்கவில்லை. கட்டளை கேட்டால் படுத்துவிட வேண்டும் என்று பழகிய உடம்பு. கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு, கைப்பை ஒருபக்கம் பறக்க, மண்ணில் முகம் பதிய விழுந்தேன்.

போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபுசே என்றால் என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? டைப்பம்மா ஏதோ கூச்சல் போட்டுவிட்டு விழுந்துவிட்டாள் என்பதுதான் தெரிந்தது.

"அய்யோ, டைப்பம்மாவுக்கு ஃபிட்ஸு! சாவி எடு, சாவி எடு!"

"பாம்புடா! பாம்பு கடிச்சிருச்சு!"

அத்தனைபேரும் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பாறையைவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தார்கள். எட்டிப் போய்விட்ட மேனேஜர் மட்டும் நின்று, டிபன் கேரியரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். கோபமாகத்தான் திரும்பி வந்தார். ஆனாலும் வந்தார். அதை நான் இன்றைக்கும் அவர் பக்கத்தில் ஒரு நல்ல குணமாக எழுதிவைத்திருக்கிறேன்.

"என்னம்மா இது, சாப்பாட்டு நேரத்துல..." என்று அவர் கேட்டுக்கொண்டே கற்களுக்கு இந்தப்பக்கம் கால் வைத்தபோது ஐந்தாவது வெடித்தது.

அவர் என் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தார். உட்கார வேண்டுமென்று உட்காரவில்லை. ஆறாவது வெடித்தது. மேலே கல் மழை. இப்போது எல்லாரும் என்னைப்போலவே குப்புறக் கிடந்தார்கள். ஒருத்தர் என் உள்ளங்கையில் சாவிக்கொத்தை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்திருந்தார். ஏழாவதற்கு நிறைய நேரம் ஆனது. அது வெடித்ததும் நான் மண்ணைத் துப்பிவிட்டு, "ஏழு. இப்ப எழுந்திரிக்கலாம்" என்றேன்.

டிபன் கேரியரின் மேல் அடுக்கு மட்டும் பிறகு ஒரு வேலமரத்தில் கிடைத்தது.

ஒகுனோவும் முனியப்பாவும் இறங்கி ஓடிவந்தார்கள். ஒகுனோவின் சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு மண். முனியப்பாதான் அதை விளக்கினார்.

"நீ அங்கேர்ந்து கூவினியேம்மா, கல்லுக்குப் பின்னால பத்திரமா உக்காந்திருந்த மனுசன் தடால்னு குப்புற உழுந்துட்டாரு. ஒண்ணும் புரியலயே, ஆனா மூணய்யாவே உழறாருன்னு நானும் உழுந்துட்டேன்."

ஒகுனோ வெட்கத்தோடு தலையாட்டினார். பட்டாளத்தில் இருந்தாராம். அந்தச் சொல்லைக் கேட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, யோசிப்பதற்கு முன்னால் உடம்பு தானாகப் படுத்துவிட்டது என்றார்.

கல் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்ததால் கடைசி நேரத்தில் மூன்று குழி கூட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த மூன்றுக்கும் திரி நீளம், அதனால்தான் இடைவெளி. ஷிச்சி என்றுதான் கத்தியிருக்கிறார். நான் நாலு என்று சொன்னதை மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பிறகு எப்படித் தெரிந்தது?"

"நீங்கள் ஷி சொல்லமாட்டீர்களே" என்றேன்.

அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. தொட்டியில் இருந்த மேனேஜருக்கும் தெரியவில்லை. "என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். வேலைக்குச் சேர்ந்தபிறகு நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தடவை. ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. மிச்சத்தையும் அங்கேயே சொல்லிவிட்டேன்: சார், எனக்கு ஜப்பான் மொழி பத்து எண்ணும் பத்துக் கட்டளையும்தான். மேனேஜர் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "அதுக்கே இவ்வளவா!" என்றார்.

மறுநாள் ஒகுனோ புது உத்தரவு போட்டார். குவாரியில் இனி ஏழுக்கு ஷிச்சி கிடையாது. காற்றில் இச்சிபோலக் கேட்டால் ஒன்று, பாதி கேட்டால் நாலு. ஆகவே ஏழுக்கு நானா என்ற இன்னொரு பெயர்தான். நாலை மாற்றியது சாவுக்குப் பயந்து, ஏழை மாற்றியது காதுக்குப் பயந்து. உங்களுக்கு என் அனுபவம் சொல்வதும் அதுதான். சத்தம் இருக்கிற இடத்தில், ஆபத்து இருக்கிற இடத்தில், யோன், நானா, க்யூ. புத்தகம் எதைச் சொன்னாலும் சரி. சொன்னபிறகு எதிராளியை ஒருமுறை திருப்பிச் சொல்லவையுங்கள்.

ஆனால் அந்த உத்தரவால் நாங்கள் பட்ட பாடு தனி. அடுத்தமுறை ஏழு குழி போட்டுவிட்டு ஒகுனோ மேலேயிருந்து "நானா!" என்று கத்தினார்.

கீழேயிருந்து ஒருத்தர், "நீங்கதான், வேற யாரு!" என்று பதில் கொடுத்தார்.

முனியப்பா வீட்டில் தெலுங்கு பேசுபவர். "எங்கள்ல நான்னான்னா அப்பான்னு அர்த்தம்மா. மலை மேல நின்னுக்கிட்டு எதுக்கு அப்பனைக் கூப்பிடறாரு?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். இரண்டு குழி என்றால் "நி!" என்பார். "நீயே வாய்யா" என்று கீழேயிருந்து குரல் வரும். ஒரு மாதத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. மேனேஜருக்கு மட்டும் பழகவில்லை. "நானா" என்று சத்தம் கேட்டாலே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

வேலை முடிந்து ஒகுனோ ஊருக்குத் திரும்பும்போது என்னிடம் ஒரு கடிதம் கொடுத்தார். நான்கு வரி, ஜப்பான் எழுத்தில், கீழே சிவப்பு முத்திரை. எந்த ஜப்பான் கம்பெனியிலும் காட்டு, வேலை கிடைக்கும் என்றார். எனக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. நற்சான்றிதழ் என்று பத்திரமாக வைத்துக்கொண்டேன். பிறகு ஒழுங்காக மொழி படித்தேன், வருஷக்கணக்காகப் படித்தேன். அதற்குள்ளேயே அதை மூன்று இடத்தில் காட்டியிருந்தேன். மூன்று இடத்திலும் ஜப்பான்காரர்கள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள், உடனே வேலையும் கொடுத்தார்கள்.

எழுத்துக் கூட்டி நானே அதைப் படிக்க முடிந்த நாளில், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். அதில் இப்படி எழுதியிருந்தார்:

"இந்த அம்மாளுக்குப் பத்து வரை எண்ணத் தெரியும். அந்தப் பத்தை நம்பி உயிரையே வைக்கலாம். அதற்குமேல் இவர் மொழிபெயர்க்கும் எதையும் தயவுசெய்து நம்ப வேண்டாம். ஆனால் படுக்கச் சொன்னால், உடனே படுத்துவிடவும்."